எடுக்கும் அன்றே இம்பிளான்ட்டா? முதலில் கரண்ட் பற்றிக் கேளுங்கள்

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி ரிசல்ட் வந்து, மார்பை முழுசாக எடுத்தாக வேண்டும் என்று முடிவான பிறகு, கோயமுத்தூரின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்னொரு கேள்வியும் வருகிறது: "எடுக்கற அன்னிக்கே இம்பிளான்ட் வெச்சுக்கறீங்களா?" எடுத்த மார்பின் இடத்தில் உள்ளே வைக்கும் சிலிக்கான் பைதான் இம்பிளான்ட். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் அந்தப் பெண்ணாக இருப்பதில்லை. "இந்த வயசுல அதெல்லாம் எதுக்குங் டாக்டர், உசுரு பொழச்சாப் போதுமுங்" என்று வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து மகன் போனில், "லேட்டஸ்ட் எதுவோ அதையே பண்ணிருங்க" என்பான். இருவரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவருமே கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் டாக்டர் இல்லை. சொந்தத்தில் இருவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு நடந்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் என் நங்கை (அண்ணி), நாற்பதைத் தாண்டிய வயதில், எடுத்த அன்றே இம்பிளான்ட் வைத்துக்கொண்டார். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தோப்பும் மாடுகளுமாக இருக்கும் சின்னம்மா, எதுவும் வேண்டாம் என்று விட்டார். இருவருக்கும் இன்றுவரை மனக்குறை இல்லை. இரண்டு பேரோடும் அலைந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் மனசில் போட்டுக் குழம்புவதைவிட, ஒரு கேள்வியை முதலில் கேட்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும். அந்தக் கேள்வி, "ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குக் கரண்ட் வைப்பீங்களா?" கரண்ட் என்று நம் பக்கம் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம். மார்பை எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டுவிட்டீர்களா? கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துவிட்டு மிச்ச மார்புக்குக் கரண்ட் வைப்பதும், மார்பை முழுசாக எடுப்பதும் உயிர் பிழைப்பதில் ஒன்றுதான் என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002-லேயே சொல்லிவிட்டன. எல்லோருக்கும் இது பொருந்தாது. மார்பில் பல இடங்களில் கட்டி இருப்பவர்கள், ஏற்கெனவே அங்கே கரண்ட் வைத்தவர்கள், மார்பின் அளவோடு ஒப்பிட்டால் கட்டி ரொம்பப் பெரிதாக இருப்பவர்கள் என்று விலக்குகள் உண்டு. ஆனால் நம் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் முழுசாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. தாராபுரத்திலிருந்தோ அந்தியூரிலிருந்தோ தினமும் பஸ் ஏறிப் போய்க் கரண்ட் வைத்துக்கொண்டு வர முடியாது என்பதுதான். ஆனால் இப்போது பலருக்கும் மூன்று வாரத்தில், 15 அல்லது 16 தடவையில் முடித்துவிடுகிறார்கள். தவிர, மார்பை எடுத்துவிட்டால் கரண்ட் வேண்டியதில்லை என்பதும் நிச்சயமில்லை. அங்கேதான் நம் விஷயம் தொடங்குகிறது.

கரண்ட் ஏன் முதல் கேள்வி

கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் நாலு அல்லது அதற்கு மேற்பட்ட நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் இருந்தாலோ, தோலையோ நெஞ்சுச் சுவரையோ பிடித்திருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் பொதுவாகக் கரண்ட் வைப்பார்கள். ஒன்றிலிருந்து மூன்று நெறி என்றால் ஆளைப் பார்த்து, ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுப்பார்கள். அவர்களிலும் பலருக்கு வைக்கச் சொல்வதுண்டு.

இதற்கும் இம்பிளான்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைக் கட்டிக்கொள்ளும். அது இயல்பு. கரண்ட் பட்ட இடத்தில் அந்த உறை தடித்துச் சுருங்கும். இம்பிளான்ட் நெருக்கப்பட்டு மேலே ஏறும், மார்பு கல்லாகும், முற்றினால் வலிக்கும். டாக்டர்கள் இதை நாலு படிகளாகப் பிரிக்கிறார்கள். மூன்றிலும் நாலிலும் இருப்பவர்களுக்கு மறுபடி ஆபரேஷன் என்ற பேச்சு வந்துவிடும். தோலும் வெயிலில் கிடந்த சைக்கிள் ட்யூப் போல நெகிழ்வை இழந்துவிடுவதால், புண் ஆறுவது தாமதமாகும்.

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 11 மருத்துவ மையங்களில் பெண்களைப் பின்தொடர்ந்து, 2018-ல் வெளியான ஒரு ஆய்வின் கணக்கு இது: கரண்ட் வைத்துக்கொண்டவர்களில், இம்பிளான்ட் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வருஷத்துக்குள் அந்தச் சீரமைப்பு தோற்றுப்போனது நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்கு. முதுகிலிருந்தோ வயிற்றிலிருந்தோ எடுத்த சொந்தச் சதையை வைத்து மார்பு செய்துகொண்டவர்களில் அது நூற்றுக்கு ஒருவர். கரண்ட் இல்லாதவர்களிடம் இந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இம்பிளான்ட் நல்லதா கெட்டதா என்று வாட்ஸாப்பில் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்காமல் பேசுவதால் வருவது.

ஒரு சிக்கல் உண்டு. எத்தனை நெறியில் நோய் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிவது ஆபரேஷன் முடிந்து பேத்தாலஜி ரிப்போர்ட் வந்த பிறகுதான். இம்பிளான்ட்டோ ஆபரேஷன் அன்றே உள்ளே போயிருக்கும். அதனால் முன்கூட்டியே அக்குளை அல்ட்ராசவுண்டில் பார்த்து, சந்தேகமான நெறியில் ஊசி போட்டுப் பரிசோதித்து, ஓரளவு கணித்துக்கொள்ள வேண்டும். கீமோ முதலில் கொடுத்துப் பிறகு ஆபரேஷன் என்ற திட்டம் இருந்தால், யோசிக்கச் சில மாதங்கள் கையில் கிடைக்கும். அப்படி இல்லாதவர்களுக்கும், பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில், ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு நிதானமாக முடிவு செய்வதால் நோய் கைமீறிப் போய்விடாது. அட்மிஷன் போட்ட அன்று சாயங்காலம் கையெழுத்துக் கேட்டால், "நாளைக்குச் சொல்றனுங்" என்று சொல்ல உரிமை உண்டு. அறுவைச் சிகிச்சை நிபுணர், கீமோ டாக்டர், கரண்ட் டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு இருக்கும் ஆஸ்பத்திரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் நாமே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

அன்றே இம்பிளான்ட்: இதிலும் இரண்டு வழி

நேராக வைப்பது ஒன்று. மார்புச் சதையை எடுத்துவிட்டு, மேல்தோலை, முடிந்தால் காம்பையும், விட்டுவைத்து, அந்தப் பைக்குள் சிலிக்கான் இம்பிளான்ட்டை அப்போதே வைத்துத் தைத்துவிடுவது. விழித்தெழும்போது ஒரு மேடு இருக்கும். என் நங்கைக்கு நடந்தது இதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பிளாஸ்டிக் சர்ஜன் அவரை நிற்க வைத்து, கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்கோடு ஒன்று, மார்புக்கு அடியில் மடிப்போடு ஒட்டி வளைகோடு ஒன்று என்று மார்க்கரில் வரைந்தார். படுத்துவிட்டால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், அளவு தப்பிவிடும் என்பதால் நிற்க வைத்துத்தான் வரைவார்களாம். "அளவெடுக்கறதுல நம்ம கட்டிங் மாஸ்டரை மிஞ்சீட்டாருங்" என்று நங்கை அந்த நேரத்திலும் சிரித்தார்.

இரண்டு கட்டமாகச் செய்வது மற்றொன்று. முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைப்பார்கள். தையல் ஆறியதும் ஓ.பி.க்குப் போகும்போதெல்லாம், தோலுக்கு அடியிலிருக்கும் வால்வை ஒரு சின்னக் காந்தத்தால் கண்டுபிடித்து, ஊசி வழியாக உப்புநீரை ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலை விரிப்பார்கள். சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்பிளான்ட். வால்வில் காந்தம் இருக்கும் வகை என்றால் அது உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, முதுகுவலி என்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரே ஆபரேஷனில் முடிவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லாம் மேல்தோலின் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. மார்பை எடுத்த பின் மிஞ்சும் தோல் மெல்லியது. அதன்மேல் முழு எடை இம்பிளான்ட்டை அன்றே ஏற்றினால், ஓரத்தில் கறுத்துப் போய்ப் பிரிந்துகொள்ளும் அபாயம் உண்டு. தோல் நன்றாக இருந்தால் நேராக, சந்தேகமாக இருந்தால் எக்ஸ்பாண்டர் என்று ஆபரேஷன் மேசையில்தான் சர்ஜன் இறுதி முடிவெடுப்பார். எனவே இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மயக்கம் தெளிந்து, "ஏன் மாத்துனீங்க" என்று கேட்கும் நிலை வரக்கூடாது.

மார்புத் தசைக்கு அடியில் வைப்பதா மேலே வைப்பதா என்பதும் நம் ஊர்ப் பெண்களுக்கு முக்கியமான கேள்வி. தசைக்கு அடியில் வைத்தால் இம்பிளான்ட்டுக்கு மேல் நல்ல போர்வை கிடைக்கும், ஆனால் ஆரம்பத்தில் வலி கூடுதல். பிறகும் கையால் அழுத்தி வேலை செய்யும்போதெல்லாம் தசை சுருங்கி இம்பிளான்ட் இழுபட்டு அசையும். மாவு பிசைவது, குடம் தூக்குவது, தறி வேலை, களைக்கொத்து என்று நாள் முழுக்கக் கை வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. தசைக்கு மேல் வைத்தால் இந்த இழுப்பு இல்லை, வலியும் குறைவு. பதிலுக்குத் தோல் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கு மேல்பக்கம் அலையலையாகத் தெரியலாம். மேலே வைக்கும்போது பெரும்பாலும் ஒரு வலையைச் சுற்றுவார்கள். பன்றி, மாடு அல்லது மனிதத் தோலிலிருந்து செல்களை நீக்கிச் செய்யும் விரிப்பு ஒரு வகை. டைட்டானியம் பூசிய செயற்கை வலை இன்னொரு வகை. சைவக்காரர்களும், மனசு ஒப்பாதவர்களும் எதை வைக்கிறீர்கள் என்று முன்னாலேயே கேட்டுவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, யாரும் விரும்பிச் சொல்லாத கணக்கு. பிரிட்டனில் 81 மையங்களில், 2014 முதல் 2016 வரை, மார்பை எடுத்த அன்றே இம்பிளான்ட் வைத்துக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் இம்பிளான்ட்டை இழந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர். மருந்து கொடுக்க வேண்டிய அளவுக்குத் தொற்று வந்தவர்கள் நாலில் ஒருவர். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, அதிக உடல் எடை, புகைப் பழக்கம் மூன்றும் இந்த அபாயத்தைக் கூட்டும். நம் பக்கம் பெண்கள் புகைப்பது அபூர்வம்தான். ஆனால் சர்க்கரை வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் அன்றைய சர்க்கரையை மட்டும் பார்த்து, "நார்மல்தானுங்" என்று சொல்லக் கூடாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

தொற்று வந்தால் இம்பிளான்ட் போவதோடு நிற்பதில்லை. புண் ஆறும்வரை கீமோ தள்ளிப்போகும். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ தொடங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனவர்களுக்குப் பலன் குறைகிறது என்று ஆய்வு இருக்கிறது. மார்புக்கு ஆசைப்பட்டு மருந்தைத் தள்ளிப்போடும் நிலை வரக்கூடாது. எனவே கீமோ அவசரமாக வேண்டும், சர்க்கரையும் கட்டுப்படவில்லை என்றால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. மற்றபடி அன்றே சீரமைப்புச் செய்துகொள்வதால் நோய் திரும்ப வரும் வாய்ப்புக் கூடுவதில்லை; வந்தால் கண்டுபிடிக்க முடியாமல் போவதும் இல்லை. இந்தப் பயத்தை மட்டும் தாராளமாக விட்டுவிடலாம்.

புண்ணில் ஊறும் நீரை வெளியே எடுக்கும் இரண்டு ட்ரெய்ன் குழாய்களோடு நங்கையை வீட்டுக்கு அனுப்பினார்கள். நைட்டியில் ஊக்கால் குத்தித் தொங்கும் பிளாஸ்டிக் குமிழைத் தினமும் காலையில் திறந்து, அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்த்து, பீஸ் கணக்கு எழுதும் கம்பெனி நோட்டிலேயே எழுதி வைத்தார். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகுதான் எடுத்தார்கள். இப்போது வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. தொட்டால் தெரியும்: மார்கழியில் அந்தப் பக்கம் மட்டும் சில்லென்று இருக்கிறது, தொடு உணர்ச்சி அநேகமாக இல்லை. உணர்ச்சி இல்லாத தோலில் வெந்நீர்ப் பை வைத்தால் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும், அதைச் செய்யாதீர்கள். வயது ஏற ஏற மற்ற மார்பு சரியும், இது சரியாது. இடைவெளி பெரிதானால் மற்றதைத் தூக்கித் தைக்கும் யோசனையும் வரும்.

சொந்தச் சதை

முதுகுத் தசையைத் தோலோடு திருப்பி முன்னால் கொண்டுவருவது பழைய முறை. இத்தாலிய சர்ஜன் தான்சினி 1906-லேயே எழுதிவிட்டார். நம்பகமானது, ஆனால் அது கையைக் கீழ்நோக்கி இழுக்கும் தசை. கிணற்றில் சேந்துவது, உயரத்திலிருந்து இழுப்பது போன்ற வேலை செய்பவர்கள் யோசிக்க வேண்டும். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாயோடு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் நெஞ்சுக் குழாயோடு இணைப்பது டீப் ஃபிளாப். வயிற்றுத் தசையை விட்டுவைப்பதால், தசையையும் சேர்த்து எடுக்கும் பழைய ட்ராம் முறையைவிடக் குடலிறக்க அபாயம் குறைவு. கு.க. ஆபரேஷன் செய்திருந்தாலும், சிசேரியன் தழும்பு இருந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. வயிற்றுக் கொழுப்பை ஏற்கெனவே அறுத்தெடுத்தவர்களுக்குத்தான் முடியாது.

ஆபரேஷன் நீண்டது, ஆறேழு மணி நேரத்துக்கு மேலும் போகும். முதல் இரண்டு நாள் அடிக்கடி வந்து ஒரு சின்னக் கருவியை வைத்து இரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்பார்கள். ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது. ஆனால் நன்றாக ஆறிவிட்டால் அது உங்கள் சதை. உடம்போடு பெருக்கும், இளைக்கும், மாற்ற வேண்டியதில்லை. கரண்ட் உறுதி என்று தெரிந்தவர்களுக்கு, கரண்ட்டெல்லாம் முடிந்து ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து இதைச் செய்வது நல்ல வழி. மைக்ரோசர்ஜரிக்குக் கோயமுத்தூர் அந்நியமான ஊர் இல்லை. மில்லிலும் மெஷினிலும் துண்டான கைவிரல்களை ஒட்டவைத்துப் பெயர் வாங்கிய கங்கா மருத்துவமனை இருக்கும் ஊர். கேட்க வேண்டியது, இந்த டாக்டர் இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதுதான்.

எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு வழி

சின்னம்மா ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். அக்குளில் நெறிகள் இருந்தன, கரண்ட் நிச்சயம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். "பால் கறக்கக் கை வேணும் கண்ணு, மத்ததெல்லாம் அப்பறம்" என்றார். கைப்பயிற்சியைத் தவறாமல் செய்தார், மாட்டடிக்குத் திரும்பிவிட்டார். ரவிக்கை தைக்கும் அக்கா உள்பக்கம் மெல்லிய காடாத் துணியில் ஒரு பை வைத்துத் தைத்துக்கொடுத்தார். அதில் பஞ்சு அடைத்த பின்னல் மார்பு. சிலிக்கான் செயற்கை மார்பும் வாங்கிப் பார்த்தோம். எடை சமமாக இருப்பதால் தோள் ஒருபக்கம் சாயாது, சேலை கட்டினால் வடிவு நன்றாக இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறது என்று அதைக் கல்யாணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

இந்த வழியை எடுப்பவர்களும் சர்ஜனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தட்டையாக, அக்குள் ஓரத்தில் மடிப்புத் தொங்காமல் தைத்துவிடுங்கள் என்று. அந்தத் தொங்கல் பாடி போடும்போதெல்லாம் உரசும். மனசு மாறினால் சில வருஷம் கழித்தும் மார்பு செய்துகொள்ளலாம், கதவு சாத்தப்படுவதில்லை.

எனவே யாருக்கு எது? கரண்ட் தேவைப்படாது என்று ஓரளவு நிச்சயம், மார்பு சிறியது அல்லது நடுத்தரம், சர்க்கரை கட்டுப்பாட்டில், நீண்ட ஆபரேஷனும் வயிற்றுத் தழும்பும் வேண்டாம், பின்னால் ஒருமுறையாவது மாற்ற நேரிடும் என்பதற்கும் தயார் என்றால், அன்றே இம்பிளான்ட் நல்ல முடிவு. காலையில் கண்ணாடி முன் நிற்கும்போது அந்த இடம் வெறுமையாக இல்லாதது சிலருக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதை நங்கையிடம் பார்த்திருக்கிறேன். கரண்ட் நிச்சயம் என்றால் பொறுத்திருந்து சொந்தச் சதை. அல்லது எதுவும் வேண்டாம். நடுவில் இருப்பவர்களுக்கு எக்ஸ்பாண்டரை வைத்து ரிப்போர்ட் வரும்வரை இடத்தைக் காத்துக்கொள்வது ஒரு சமரசம். வயதை வைத்து மட்டும் முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. அறுபது வயதில் ஒரு பெண் வேண்டும் என்று கேட்டால், எதற்கு என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை.

பணமும் காகிதமும்

"அழகு ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் வராது" என்று கவுன்ட்டரில் சொன்னால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் எட்டாம் எண், அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அதே வரியில், விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பை விலக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. பாலிசிப் புத்தகத்தில் அந்த வரியைத் தேடி அடிக்கோடிட்டு எடுத்துப் போங்கள். முன் அனுமதிக் கடிதத்தில் மார்பை எடுக்கும் ஆபரேஷன், சீரமைப்பு, இம்பிளான்ட், வலை நான்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். வலையின் விலை பில்லின் கடைசியில் வந்து மலைக்க வைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எதெல்லாம் அதில் அடங்கும் என்பதை ஆஸ்பத்திரியின் திட்ட மேசையில் ஆபரேஷன் தேதிக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டு கட்ட முறை என்றால் இரண்டாவது ஆபரேஷனுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இம்பிளான்ட்டின் கம்பெனி, மாடல், வரிசை எண் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பிரான்ஸின் பிப் கம்பெனி தொழிற்சாலைச் சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானபோதும், சொரசொரப்பான மேல்பரப்பு கொண்ட அலெர்கன் பயோசெல் வகையை, அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு உள்ள தொடர்பால் 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றபோதும், தன் உடம்பில் இருப்பது எது என்று அட்டையைப் பார்த்துத்தான் பெண்கள் தெரிந்துகொண்டார்கள். சிலிக்கான் இம்பிளான்ட் வெளியே தெரியாமல் உள்ளேயே கிழியக்கூடும். ஐந்தாறு வருஷத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. மற்ற மார்புக்கு மேமோகிராம் தனி; அதை மறக்கக் கூடாது. நங்கை அந்த அட்டையை லேமினேட் செய்து ஆதாரோடு வைத்திருக்கிறார். போன வாரம் ஸ்கேன் சென்டரில் முதலில் கேட்டதும் அதைத்தான்.